மேல்வீடும் கீழ்வீடும்: நீலகிரியில் ஒரு பகுதிப் பாதுகாப்புக் குழுவை அமைப்பது எப்படி

சமவெளியில் தெருப் பாதுகாப்பு என்றால் திருட்டும் தெருவிளக்கும்தான் முதலில் நினைவுக்கு வரும். நீலகிரியில் கணக்கு வேறு. மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுத் தடுப்புச்சுவரைத் தள்ளுகிறது. ஒரு வீட்டார் வேலியோரம் கொட்டிய பலாத்தோல், அடுத்த வீட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகும் பாதைக்குக் கரடியைக் கூட்டி வருகிறது. காலியாகப் பூட்டிக் கிடக்கும் காட்டேஜின் அடைபட்ட கால்வாய் நான்கு வீடுகளின் அஸ்திவாரத்தில் போய் ஊறுகிறது. தனி ஒரு வீடு எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் போதாது. ஒரே சரிவில் இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்துதான் இதைச் சமாளிக்க முடியும். அப்படிச் சேர்வதற்கான வழிமுறை இது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகாவுக்கும் பொருந்தும். இடத்துக்கு இடம் மாறும் விஷயங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எல்லையைத் தண்ணீரை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்

குழு தொடங்குபவர்கள் பெரும்பாலும் வார்டு எல்லையை வைத்தோ, தெருப் பெயரை வைத்தோ வீடுகளைச் சேர்க்கிறார்கள். மலையில் இது சரிப்படாது. ஒரே வார்டில் இரண்டு சரிவுகள் இருக்கும், அவற்றுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இருக்காது. நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையும் கம்பூட்ஸுமாக நடந்து பாருங்கள். உங்கள் வாசலைக் கடக்கும் தண்ணீர் எங்கே தொடங்குகிறது, எந்த வீட்டுப் பக்கமாக வருகிறது, எங்கே ஓடையில் சேருகிறது? அந்தத் தண்ணீர் தொடும் வீடுகள் எல்லாம் ஒரே குழு. அந்த வீடுகள் பயன்படுத்தும் படிக்கட்டும் நடைபாதையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பதினைந்து முதல் முப்பது வீடுகள் போதும். ஐம்பதைத் தாண்டினால் யார் வீட்டில் யார் இருக்கிறார் என்பது ஒருவருக்கும் நினைவில் நிற்காது. அப்படியானால் இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டுக்கும் பொதுவாக ஒருவரை வையுங்கள். எஸ்டேட் லயனாக (தொழிலாளர் வீடுகளின் வரிசை) இருந்தால் அந்த லயனும் அதற்கு மேலே உள்ள தேயிலைக் காடும் ஒரு கணக்கு. மேனேஜரையோ சூப்பர்வைசரையோ கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள வடிகால் அவர்கள் கையில். ஹட்டியாக, அதாவது படுகர் ஊராக இருந்தால் ஊர்த்தலைவரான ஊர் கவுடரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். அங்கே ஊர்க்கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அதற்குள்ளேயே இந்த வேலைக்கு நான்கு பேரைப் போடுவதுதான் நிலைக்கும்.

முதல் கூட்டம்

ஞாயிறு மதியம் மூன்று மணி சரியான நேரம். காலையில் தேவாலயம், சந்தை இருக்கும். ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கிவிடும், வயதானவர்கள் வரமாட்டார்கள். கொழுந்து அதிகமாக வரும் வாரங்களில் வைக்காதீர்கள். யார் வீட்டிலும் வேண்டாம். கோயில் முற்றம், பால்வாடி, சமுதாயக் கூடம் என்று பொது இடமாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அழைத்தால் பாதிப் பேர் வருவார்கள், அதுவும் ஏற்கெனவே ஆர்வம் உள்ள பாதி. நேரில் போய்க் கதவைத் தட்டி அழையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், காட்டேஜ் காவலர், ஹோம்ஸ்டே நடத்துபவர், கேரட் வயலில் வேலை செய்ய வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் என இவர்கள் பெயர்தான் பட்டியலில் விடுபடும். பேரிடர் வந்தால் தேடுவதும் இவர்களைத்தான்.

முதல் கூட்டத்தில் பெரிய திட்டம் எதுவும் பேசாதீர்கள். ஒரு தடித்த அட்டை போட்ட நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை மட்டும் எழுதுங்கள்: இரவில் வீட்டில் தூங்குபவர்கள் எத்தனை பேர், அவர்களில் தானாக நடந்து வெளியேற முடியாதவர் யார், தினசரி மருந்து, ஆக்சிஜன், டயாலிசிஸ், கர்ப்பம் போன்றவை உண்டா, இரண்டு செல்போன் எண்கள், ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும் உறவினருடையது, என்ன வண்டி இருக்கிறது, யார் ஓட்டுவார், கயிறு, மண்வெட்டி, அரிவாள், மரம் அறுக்கும் மெஷின், ஜெனரேட்டர் இவற்றில் எது இருக்கிறது, என்ன மொழி பேசுவார்கள். நோய் விவரத்தைக் கூட்டத்தில் உரக்கக் கேட்காதீர்கள், தனியாக எழுதி வாங்குங்கள். அந்த நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். செல்போனில் படம் எடுத்துக் குரூப்பில் போடுவது கூடவே கூடாது. எந்த வீட்டில் வயதான பெண்மணி தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் தவறான கைக்குப் போனால், பாதுகாப்புக்கு எழுதியதே ஆபத்தாகிவிடும்.

ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்?

108-ஐ அழைத்தால் பேசுபவர் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பார். ‘சிவன் கோயிலுக்குப் பின்னாடி, மூணாவது பெண்ட்’ என்பது அவருக்குப் புரியாது. மாவட்டம், தாலுகா, ஊராட்சி அல்லது நகராட்சி, ஊர்ப் பெயர், மெயின் ரோட்டில் உள்ள அடையாளம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது.

அதே தாளில் எண்கள்: எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மின்தடைக்கு மின்னகம் 94987 94987. இவற்றோடு உங்கள் வனச்சரக அலுவலகம், காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர், லைன்மேன் ஆகியோரின் எண்களை நேரில் போய் வாங்கிச் சேருங்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அலுவலர்கள் மாற்றலாகிப் போவது சாதாரணம், பழைய எண்ணை வைத்திருப்பதும் எண்ணே இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அடுத்தது வரைபடம். ஒரு சார்ட் பேப்பரில் வீடுகள், படிக்கட்டு, நடைபாதை, ஓடை, தடுப்புச்சுவர்கள், மின்கம்பங்கள், சாயும் நிலையில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் வரையுங்கள். வீடுகளுக்கு மேலிருந்து கீழாக எண் போட்டு, அதே எண்ணைப் பெயிண்டில் வாசலில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வந்து திரும்பக்கூடிய இடம் ஒன்றைக் குறியுங்கள். அந்த இடத்தில் சீசன் நாட்களில் சுற்றுலா வண்டிகள் நிறுத்தப்பட்டால் எல்லாமே வீண். எனவே ஹோம்ஸ்டே நடத்துபவரிடம் பேசி, அவருடைய விருந்தினர் வண்டிகள் அங்கே நிற்காமல் பார்த்துக்கொள்வதை அவர் பொறுப்பாக்குங்கள்.

படிக்கட்டில் நோயாளியைத் தூக்குவது

ரோட்டிலிருந்து நூறு, இருநூறு படி கீழே இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். நெஞ்சுவலி வந்தவரை ‘மெதுவா ஏறிடுங்க, வண்டி மேலே நிக்குது’ என்று நடக்க வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. அந்த ஏற்றமே ஆளை முடித்துவிடும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருப்பவரை உட்கார்ந்த நிலையில் நாற்காலியோடு தூக்குங்கள். மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் படியில் இடித்தால் முறிந்துவிடும். இடுப்பையும் மார்பையும் வேட்டியாலோ துப்பட்டாவாலோ நாற்காலியோடு தளர்வாகக் கட்டுங்கள்.

படுக்க வைத்துத் தூக்க ஒரு டோலி செய்து வையுங்கள். ஏழடி நீளத்தில் முற்றிய மூங்கில் இரண்டு, ஐம்பது கிலோ கோணிச் சாக்கு இரண்டு. சாக்கின் அடி மூலைகள் இரண்டையும் மூங்கில் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டி, வாய்ப்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு சாக்கையும் கோர்க்க வேண்டும். உரச்சாக்கு வேண்டாம், நனைந்தால் வழுக்கும், மூலையிலிருந்து கிழியும். மூங்கில் உள்பக்கம் நெருங்கி வராமல் இரு முனையிலும் இரண்டடிக் குறுக்குக்கட்டை கட்டுங்கள். செய்து முடித்ததும் எடை கூடிய ஒருவரைப் படுக்க வைத்து முழங்கால் உயரம் மட்டும் தூக்கிச் சோதியுங்கள்.

தூக்க நான்கு பேர், முன்னால் டார்ச்சோடு ஒருவர். ஏறும்போது தலை முன்னால், இறங்கும்போது கால் முன்னால் போக வேண்டும். இரண்டிலும் தலைதான் மேட்டுப் பக்கம் இருக்கும். மரத்திலிருந்தோ சரிவிலிருந்தோ விழுந்து முதுகில் அடிபட்டவரைத் தொய்யும் சாக்கில் போடாதீர்கள். கழட்டிய கதவுப் பலகைதான் அதற்குச் சரி, கழுத்தின் இருபக்கமும் மடித்த கம்பளி வைத்து அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை இளைஞர்கள் இதை வெறும் அரிசி மூட்டையோடாவது செய்து பழகட்டும். எந்தத் திருப்பத்தில் டோலி மாட்டுகிறது என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கைப்பிடிக் கம்பி எங்கே வேண்டும் என்று கிராம சபையில் கேட்கும்போது இந்தப் பயிற்சியே உங்கள் ஆதாரம்.

மழைக்காலம்

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, குந்தா, அவலாஞ்சி பக்கம் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, அந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பதிவானது. ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் தூறலோடு நிற்பதும் உண்டு. ஆகவே மாவட்டத்துக்கு என்று சொல்லும் எச்சரிக்கையோடு, உங்கள் சரிவில் பெய்த அளவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மழைமானி வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. வாயும் அடியும் ஒரே அகலம் உள்ள, நேர்ச்சுவர் கொண்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், நான்கு அங்குல அகலத்துக்குக் குறையாமல். வாய் குறுகிய டப்பா அளவைக் குறைத்துக் காட்டும். அடி மேடுபள்ளமாக இருந்தால் அது மறையும்வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று பெயிண்டால் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டுங்கள். ஒரு செ.மீ. தண்ணீர் என்றால் 10 மி.மீ. மழை. மூன்றடிக் கம்பத்தின் மேல், கூரை விளிம்பும் மரக்கிளையும் இல்லாத வெளியில் கட்டுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவெடுத்து எழுதிவிட்டு, பூஜ்யக் கோட்டுக்கு மேல் உள்ளதைக் கொட்டுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் நாளும் 8.30-க்குத்தான் தொடங்குகிறது, அவர்கள் சொல்லும் கணக்கோடு ஒப்பிட முடியும்.

ஒரு நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. குழுவுக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்வது இது: ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டாலோ, உங்கள் டப்பாவில் மிக கனமழை அளவு சேர்ந்துவிட்டாலோ, செங்குத்தான வெட்டுச்சரிவுக்கு (வீட்டுக்கோ ரோட்டுக்கோ மண்ணை வெட்டிய சரிவு) கீழும் ஓடைக்கரையிலும் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு முன் இடம் மாற வேண்டும். நாலைந்து நாளாக விடாமல் பெய்து மண் ஊறியிருந்தால் இந்த அளவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, அதைவிடக் குறைந்த மழையே போதும். இருட்டிய பிறகு, மின்சாரம் இல்லாமல், குழந்தைகளோடு வழுக்கும் படியில் இறங்குவது வீட்டிலேயே இருப்பதற்குச் சமமான ஆபத்து. இரவு என்ன ஆகுமோ என்று யோசிக்கும் வீடு பகலிலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது தடுப்புச்சுவர்த் துளைகள். சுவருக்குப் பின்னால் ஊறும் தண்ணீர் வெளியேறவே அந்தக் குழாய்கள் வைக்கப்படுகின்றன. நாளாக நாளாக மண்ணும் வேரும் அடைத்துக்கொள்ளும். சிலர் அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் பூசியே மூடிவிடுகிறார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத சுவர், பின்னால் உள்ள மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டிவரும், அது நிற்காது. மே மாதத்திலும் செப்டம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நீளமான கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நல்ல மழையில் துளையிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தால் சுவர் வேலை செய்கிறது. கலங்கலாக வந்தால் பின்னால் மண் கரைகிறது. இவ்வளவு நாள் வந்த தண்ணீர் கொட்டும் மழையில் திடீரென நின்றுபோனால், அதுதான் மிகவும் பயப்பட வேண்டிய அறிகுறி.

கூரைத் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் சரிவில் அப்படியே விடும் வீடுகளை வரைபடத்தில் சிவப்பில் குறியுங்கள். மேல்வீட்டாரிடம் குறை சொல்லப் போகாதீர்கள், செலவைப் பங்கு போடலாம் என்று சொல்லிக்கொண்டு போங்கள். நான்கு அங்குலக் குழாய் நாற்பது அடி போட்டு ஓடை வரை கொண்டுபோவது, கீழ்வீட்டுச் சுவர் இடிந்து கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு. சரிவில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதும் இதே கணக்குத்தான்.

நிலத்தில் விரிசல் தெரிந்தால் இருபுறமும் ஒவ்வொரு இரும்பு முளை அடித்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை மி.மீ. கணக்கில் அளந்து தேதியோடு எழுதுங்கள். வெயில் நாட்களில் களிமண்ணால் விரிசலை அடைத்து, மழை நாளில் தார்ப்பாய் போட்டு மூடினால் தண்ணீர் உள்ளே இறங்காது. மழையின்போது தூரம் கூடுகிறது என்றால் எவ்வளவு கூடியது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்தச் சரிவில் உள்ள எல்லா வீடுகளும் வெளியேறிவிட்டு 1077-க்குச் சொல்லுங்கள். கதவு ஜன்னல் திடீரென இறுகுவது, மின்கம்பம் சாய்வது, ஓடை நீர் மழை பெய்யும்போதே குறைவது (மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்), இடி போன்ற சத்தம், மரங்கள் முறியும் ஓசை ஆகியவையும் அதே கணக்கு. ஓடும்போது கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓடுங்கள், ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். வெளியேறவே முடியாமல் போனால் மலைப்பக்கத்து அறையில் படுக்காமல் பள்ளத்தாக்குப் பக்கத்து அறையிலோ மாடியிலோ இருங்கள்.

மரங்கள் விஷயத்தில் இங்கே ஒரு தயக்கம் உண்டு. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தால், சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அதற்காகச் சாய்ந்த கற்பூர மரத்தை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. வேர்ப்பக்கம் மண் தூக்கியிருப்பது, அடிமரத்தில் பொந்து, கூரைப் பக்கம் சாய்வு இவற்றைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஆபத்தான பத்து மரத்துக்கும் சேர்த்து ஒரே மனுவாக, மழைக்கு இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். அனுமதி வரும்வரை, மரம் விழக்கூடிய திசையில் உள்ள அறையில் படுக்க வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பியை யாரும் தொடாதீர்கள், முப்பதடி தள்ளி ஆள் நிறுத்தி, கம்ப எண்ணைச் சொல்லி மின்னகத்துக்குப் பேசுங்கள்.

காட்டெருமை, கரடி, சிறுத்தை, யானை

விலங்கு ஊருக்குள் வந்துவிட்டது என்று கூடுவதைவிட, எதற்காக வந்தது என்று பார்ப்பது பயன் தரும். கரடிக்கு இனிப்பும் எண்ணெயும்: கோயில் விளக்கெண்ணெய், பேக்கரிக் குப்பை, ரேஷன் கடைச் சர்க்கரை, பலா. சிறுத்தைக்குத் தெருநாயும் வெளியில் கட்டிய ஆடும். காட்டுப்பன்றிக்குக் காய்கறிக் கழிவு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானைக்கு வாழை, பலா, வீட்டில் அடுக்கிய அரிசி. ஈரக் குப்பையை இரவில் வெளியே வைக்காமல், தூய்மைப் பணியாளர் வரும் நேரத்துக்கு மட்டும் எடுத்துவையுங்கள். கோயிலில் எண்ணெய் டின்னை இரவில் பூட்டிய இரும்பு அலமாரியில் வையுங்கள். பழுத்த பலாவை மரத்தில் விடாமல் காயாகவே இறக்கிவிடுங்கள். நாயை இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள்.

நடைபாதையின் இருபுறமும் ஆறடிக்கு உண்ணிச்செடியையும் புதரையும் வெட்டி வைப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கரடிக்குப் பார்வையும் கேள்வியும் மந்தம், திடீரென எதிரில் பார்த்தால் பயந்துதான் தாக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும்போது பேசிக்கொண்டோ, தடியால் தட்டிக்கொண்டோ போங்கள். காட்டெருமை பாதையை மறித்து நின்றால் நூறடி தள்ளி நின்று காத்திருங்கள். அது போக வழி இருக்க வேண்டும், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. ஹாரன் அடிப்பதும், செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போவதும்தான் பெரும்பாலான முட்டுகளுக்குக் காரணம். காலை ஆறு மணிப் பனியில் பள்ளிக்கும் தோட்டத்துக்கும் கிளம்புபவர்கள் ஒருவருக்கொருவர் காத்திருந்து சேர்ந்து போகட்டும்.

குழுவில் ஒருவர் மட்டும் வனத்துறையோடு பேசட்டும். எந்த விலங்கு, எத்தனை, எந்தத் திசையில் போனது, எத்தனை மணிக்கு என்று நான்கே விஷயம். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் வருபவர்கள் தவறான சரிவுக்குப் போவார்கள். பட்டாசு கொளுத்தி விரட்டும் வேலையை வனத்துறை ஊழியர்களிடம் விடுங்கள், ஒரு சரிவிலிருந்து விரட்டப்பட்ட யானை அடுத்த சரிவில் யார் வீட்டுக்குள் நுழையும் என்பது உங்களுக்குத் தெரியாது. வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், அதில் விலங்கோடு மனிதரும் செத்திருக்கிறார்கள். அப்படி யாராவது செய்தால் குழு அன்றைக்கே பேசி நிறுத்த வேண்டும்.

குளிர்காலத்துக் கரி அடுப்பு

டிசம்பர், ஜனவரி உறைபனியில், பூட்டிய அறைக்குள் கரிக் கங்கை வைத்துக்கொண்டு தூங்கி இறப்பது மலைப்பிரதேசத்தில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று உள்ளே எடுத்துப் போகிறார்கள். கங்கு சிவந்திருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும், எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துபவர்கள் கேம்ப்ஃபயர் முடிந்ததும் அடுப்பைத் தாங்களே வாங்கித் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். தொழிலாளர் ஷெட்டுகளில் இதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும், நோட்டில் மொழியைக் கேட்டு எழுதியது இதற்குத்தான். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தால் அதுவும் இதே விஷம்தான்.

பூட்டிய வீடும் கேமராவும்

கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போகும் வீடு, கோடையில் மட்டும் திறக்கும் காட்டேஜ் இரண்டுக்கும் ஒரே முறை: போகும் தேதி, திரும்பும் தேதி, சாவி யாரிடம் என்பதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ரோந்துக் காவலர் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் வாசல் விளக்கைத் தினமும் மாலை போட்டுக் காலையில் அணைக்கட்டும். ஊருக்குப் போவதை ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

கேமரா வாங்குபவர்கள் மலைப்பனியை மறந்துவிடுகிறார்கள். இருட்டில் படம்பிடிக்க கேமராவைச் சுற்றி இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு, பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பி லென்ஸிலேயே அடிக்கும். திரை முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கு போடுங்கள், பதிவு தெளிவாக வரும். பத்தடி உயரத்துக்கு மேல் வைத்தால் தொப்பிதான் தெரியும், முகம் தெரியாது. மழைக்காலத்தில் கரண்ட் நாள்கணக்கில் போகும், அதனால் யுபிஎஸ் இல்லாத கேமரா தேவைப்படும் நாளில் வேலை செய்யாது. யார் வீட்டு ஜன்னலும் குழாயடியும் படத்தில் விழக்கூடாது. பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதைக் கூட்டத்தில் முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள்.

புதிதாக வரும் ஆட்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதே பாதுகாப்பு என்று சில குழுக்கள் இறங்கிவிடுகின்றன. பிள்ளை பிடிப்பவன் என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி அப்பாவிகளை அடித்தே கொன்ற ஊர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. தெரியாத ஒருவர் நின்றால் ‘யாரைத் தேடுறீங்க, வழி சொல்லட்டுமா?’ என்று இரண்டு பேராகப் போய்க் கேளுங்கள். வேலையாக வந்தவர் நன்றியோடு பதில் சொல்வார். அதற்கு மேல் என்றால் 112.

கிராம சபையில் வேலை வாங்குவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள்தான். நகராட்சி, பேரூராட்சி என்றால் கவுன்சிலர் தலைமையில் ஏரியா சபை நடக்கும், தேதியை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

‘ரோடு சரியில்லை, விளக்கு எரியவில்லை’ என்று பேசினால் தலையாட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கை, எழுத்தில். எந்த இடம், எத்தனை அடி, எந்தக் கம்பம், எத்தனை வீடு பயன்பெறும் என்று எழுதி, வரைபட நகலும் படமும் இணைத்து, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

அதற்கு முன் அந்த இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை 181. அதன் ஓரத் தடுப்புச்சுவருக்கு ஊராட்சியிடம் மனு கொடுத்துப் பயனில்லை. சில பாதைகள் மாநில நெடுஞ்சாலைத் துறை, சில வனத்துறை, சில எஸ்டேட்டின் தனிப்பாதை. தவறான அலுவலகத்தில் ஆறு மாதம் காத்திருப்பதுதான் மலைக்கிராம மனுக்களின் வழக்கமான கதி. பதில் வராவிட்டால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் முந்தைய மனுவின் நகலோடு போங்கள். அங்கும் நகரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ‘இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் நிலை என்ன’ என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பணமும் சண்டையும்

குழு உடைவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: கட்சி, கணக்கு, பார்க்கிங். தேர்தல் வேட்பாளர் யாரும் குழு மேடையில் பேசக்கூடாது என்று முதல் நாளே எழுதுங்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் போதும், முடியாத வீடு உழைப்பாகக் கொடுக்கட்டும். செலவுக்கு இரண்டு கையெழுத்து, மாதக் கணக்கு கோயில் சுவரில். வங்கிக் கணக்கும் நன்கொடையும் தேவைப்படும் நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆரம்பத்திலேயே பதிவு, லெட்டர்பேட், தலைவர் பதவி என்று போனால் வேலைக்கு முன் போட்டி வந்துவிடும்.

வாட்ஸ்அப் குரூப் இரண்டு வையுங்கள். ஒன்று அவசரத்துக்கு மட்டும், அதில் குட்மார்னிங் போட்டவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மற்றது எல்லாப் பேச்சுக்கும். டவர் போய்விடும் நாட்களுக்கு விசிலோ கோயில் மணியோ வேண்டும்: விட்டு விட்டு மூன்று அடி என்றால் உதவி தேவை, நிற்காமல் அடித்தால் எல்லோரும் வெளியேறு. கோயில் பூசைக்கு அடிக்கும் முறையோடு இது குழம்பாமல் பூசாரியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மழை விட்ட மறுநாள் காலையில் குழு ஒருமுறை சரிவு முழுக்க நடக்க வேண்டும், மேலிருந்து கீழாக, இரண்டு பேர், நோட்டோடு. மழை நின்ற பிறகும் ஊறிய மண் இரண்டு மூன்று நாள் வரை சரியலாம், அதனால் வெட்டுச்சரிவுக்கு நேர் கீழே நிற்காமல் பாருங்கள். முளைகளின் தூரம், சுவர்த் துளைகளின் தண்ணீர், புதிதாகச் சாய்ந்த கம்பம், வேர் தெரியும் மரம் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதி, இடம் மாறிப் போனவர்களிடம் திரும்பி வரலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள். விரிசல் கூடியிருக்கும் வீட்டுக்கு, கிராம நிர்வாக அலுவலரோ பொறியாளரோ வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் துணி எடுக்கக்கூடப் போக வேண்டாம்.